சிம்மக்கல் மாடியில் சீனத்து ஆபீஸ்கள்

மதுரை சிம்மக்கல் பக்கம், வடக்கு மாசி வீதிக்குப் பிரிகிற சந்து ஒன்றில், நோட்டுப் புத்தகக் கடைக்கு மேல்மாடியில் ஞாயிறு மாலைகளில் ஒரு வரலாற்று வகுப்பு நடக்கிறது. போர்டு எதுவும் கிடையாது. கல்லூரியில் வரலாறு நடத்தி ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவர் நடத்துகிறார். ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரே ஒரு தலைப்பு. இந்தச் சுற்றில் எடுத்தது, பழைய சீனப் பேரரசில் அரசாங்கத் துறைகளுக்கு அந்தந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்பது. ஆறு வகுப்பு, 800 ரூபாய், படிக்கிற பிள்ளைகளுக்குப் பாதி. போகலாமா என்று கேட்கிறவர்களுக்கு முதலிலேயே பதில் சொல்லிவிடுகிறேன்: கட்டாயம் போங்கள். குறைகள் உண்டு, அவற்றையும் எழுதியிருக்கிறேன்.

நான் வருவாய்த் துறையில் இளநிலை உதவியாளராக நுழைந்து துணை வட்டாட்சியராக வெளியே வந்தவள். தபால், தன்பதிவேடு, நடப்புக் குறிப்பு, ஜமாபந்தி என்றே என் காலம் போனது. பலகையில் ஒரு பெயரும் உள்ளே வேறொரு வேலையுமாக இருக்கிற ஆபீஸ்களைப் பார்த்துப் பழகிய கண்ணோடுதான் அங்கே போய் உட்கார்ந்தேன். எனக்கு எது பிடித்தது, எது போதவில்லை என்பதெல்லாம் அந்தக் கண்ணுக்குப் பட்டதுதான்.

பாடம் நடத்தும் முறை இந்த வகுப்பின் பெரிய பலம். வம்ச வரிசை, ஆண்டுப் பட்டியல் என்று ஆரம்பிக்கவில்லை. ஒரு பதவிப் பெயரைப் பலகையில் எழுதிவிட்டு, "இந்த ஆள் கையில முதல்ல என்ன இருந்துச்சு?" என்று கேட்பார். கத்தி, கடிவாளம், தூரிகை, எச்சில் படிக்கம் என்று ஆளுக்கொரு பதில் வரும். அதன்பிறகுதான் கதை. பெரிய பெரிய துறைகளெல்லாம் அரசனுக்குப் பக்கத்தில் நின்று கைவேலை செய்த ஆட்களிடமிருந்து கிளம்பியவை என்பதை இந்த ஒரு கேள்வியை வைத்தே ஆறு வாரமும் நகர்த்திக் காட்டினார்.

மேற்குச் சோவ் காலத்து (கி.மு. 11 முதல் 8ஆம் நூற்றாண்டு வரை) வெண்கலப் பாத்திரப் பொறிப்புகளில் மூன்று அதிகாரிகள் சேர்ந்தே வருகிறார்கள். ஒருவர் நிலத்தைப் பார்ப்பவர், ஒருவர் குதிரையைப் பார்ப்பவர், ஒருவர் கட்டுமான வேலையைப் பார்ப்பவர். குதிரையைப் பார்த்தவர் 'சீமா'. பின்னால் அது படைத்தலைமைக்கு உரிய பட்டமாக உயர்ந்தது. ஒரு குலத்தின் குடும்பப் பெயராகவும் நிலைத்தது. ஹான் வம்ச ஆட்சிக் காலத்து வரலாற்றாசிரியர் சீமா சியானின் பெயரில் இருப்பது அந்தக் குதிரை அதிகாரிதான். இதெல்லாம் முதல் வகுப்பின் முதல் அரை மணி நேரத்திலேயே முடிந்துவிட்டது.

அடுத்து முதலமைச்சர். சீனத்தில் அந்தப் பதவியைக் குறிக்கிற சொல்லின் முதல் பாதி 'ட்ஸாய்'. பலி மிருகத்தை அறுத்து, இறைச்சியைப் பங்கு போட்டுக் கொடுக்கிற ஆள். இங்கே பேராசிரியர் சென் பிங் கதையைச் சொன்னார். ஏழை வீட்டுப் பையன். ஊர்த் தெய்வத்துக்குப் படைத்த இறைச்சியைப் பங்கு பிரிக்கும் பொறுப்பு அவனிடம் வந்தது. எல்லோருக்கும் சரிசமமாகப் பிரித்தான். ஊர்ப் பெரியவர்கள் மெச்சினார்கள். அதற்கு அவன், "இந்த உலகத்தைப் பங்கு பிரிக்கிற வேலையை எனக்குக் கொடுத்தாலும் இந்த இறைச்சியைப் பிரித்த மாதிரியே பிரிப்பேன்" என்றானாம். சொன்ன மாதிரியே ஹான் அரசில் முதலமைச்சர் ஆனான். சீமா சியான் எழுதி வைத்திருக்கிற சம்பவம் இது. நம் ஊர்க் கோயில் கொடையில் கிடாய்க் கறிக்குப் பங்கு போடுகிறவர் மேல் எத்தனை கண் இருக்கும் என்று தெரிந்தவர்களுக்கு இதற்கு விளக்கம் தேவைப்படவில்லை. உசிலம்பட்டியிலிருந்து வந்திருந்த தம்பி ஒருவர் எழுந்து, தங்கள் ஊரில் பங்குக் கணக்கு எப்படி வைப்பார்கள் என்று ஐந்து நிமிடம் சொன்னார். பேராசிரியர் குறுக்கிடாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

அதே சென் பிங்கின் இன்னொரு சம்பவத்துக்காக மட்டுமே அந்த 800 ரூபாயையும் கொடுக்கலாம். ஹான் பேரரசர் வென் ஒரு நாள் மூத்த முதலமைச்சர் ஜோவ் போவைப் பார்த்து, நாட்டில் ஆண்டுக்கு எத்தனை வழக்கு முடிகிறது என்று கேட்டார். தெரியவில்லை. ஆண்டுக்குப் பணமும் தானியமும் எவ்வளவு வருகிறது, எவ்வளவு போகிறது? அதுவும் தெரியவில்லை. முதுகெல்லாம் வேர்த்துவிட்டது அவருக்கு. அரசர் சென் பிங் பக்கம் திரும்பினார். சென் பிங் பதறவில்லை. அதற்கு அதற்கு ஆள் இருக்கிறார்கள், வழக்கு என்றால் 'திங்வெய்'யைக் கேளுங்கள், பணமும் தானியமும் என்றால் தானிய அதிகாரியைக் கேளுங்கள் என்றார். அப்படியானால் உமக்கு என்ன வேலை என்று அரசர் கேட்டதற்கு, ஒவ்வொரு அதிகாரியும் தன் தன் வேலையைச் சரியாகச் செய்யும்படி பார்ப்பதுதான் என் வேலை என்ற பொருளில் பதில் சொன்னார். கி.மு. 2ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நடந்த பேச்சு. துறை என்றால் என்ன, அதன் எல்லை எங்கே முடிகிறது என்பதை இதைவிடத் தெளிவாக எந்தப் பயிற்சி வகுப்பிலும் எனக்கு யாரும் சொன்னதில்லை. ஆய்வுக் கூட்டத்தில் அடுத்த பிரிவின் புள்ளிவிவரத்தைக் கேட்டு நிற்க வைக்கப்பட்ட எல்லோருக்கும் இந்தக் கதை தெரிந்திருக்க வேண்டும்.

தேரோட்டியின் கதையும் நன்றாக இருந்தது. ஹான் அரசிலும் அதற்கு முன்பிருந்த சின் அரசிலும் ஒன்பது பெரிய அதிகாரிகளில் ஒருவர் 'தாய்பு'. பேரரசரின் தேரை ஓட்டுவதும் அரசாங்கக் குதிரைகளைப் பராமரிப்பதும் அவர் வேலை. ஹான் அரசை நிறுவிய லியூ பாங்கின் தாய்பு ஷியாஹோ யிங், ஆரம்பத்தில் ஊர் லாயத்தில் வண்டி ஓட்டியவர். கி.மு. 205இல் பெங்செங் போரில் தோற்று ஓடும்போது, தேரின் பாரத்தைக் குறைக்க லியூ பாங் தன் மகனையும் மகளையும் கீழே தள்ளிவிட, யிங் ஒவ்வொரு முறையும் இறங்கி அவர்களைத் தூக்கி ஏற்றிக்கொண்டே வந்தார். அந்த மகன் பின்னால் பேரரசர் ஆனார். அரண்மனைக்கு மிக அருகிலேயே யிங்குக்கு வீடு கொடுத்து, 'எனக்குப் பக்கத்தில்' என்று அதைக் குறிப்பிட்டார்கள். லியூ பாங் காலத்திலிருந்து வென் காலம் வரை யிங் தாய்புவாகவே இருந்தார். அரசனின் உடம்புக்கு அருகில் இருப்பவரிடம் அதிகாரம் வந்து சேர்வதை அந்த ஒரு வாழ்க்கையிலேயே பார்த்துவிடலாம்.

இனி இந்தச் சுற்றின் உயிர்நாடிக்கு வருகிறேன். மூன்றாவது வகுப்பு, 'ஷாங்ஷூ'.

சின் அரசில் 'ஷாவ்ஃபூ' என்று ஒரு அலுவலகம் இருந்தது. பேரரசரின் சொந்தக் கஜானாவும் வீட்டு நிர்வாகமும் அதன் பொறுப்பு. மலை, ஏரி, கடல் வழியே வரும் வரி அதற்குப் போகும், நிலவரியும் தானியமும் நாட்டுக் கஜானாவுக்குப் போகும். இந்த ஷாவ்ஃபூவின் கீழ் அரண்மனைக்குள் ஆறு கவனிப்பு வேலைகள் இருந்தன. தொப்பி, உடை, உணவு, குளியல், பாய், எழுத்து. ஆறுக்கும் 'ஷாங்' என்ற ஒரே முன்னொட்டு. எழுத்தைக் கவனித்தவர்கள் ஷாங்ஷூ. அரண்மனைக்குள் நான்கு எழுத்தர்களை அனுப்பி வைத்தார்கள், வருகிற கடிதங்களைப் பிரிப்பது அவர்கள் வேலை. அவ்வளவுதான் அந்தப் பதவியின் தொடக்கம். பாய் விரிக்கிறவருக்கும் அவருக்கும் அந்தஸ்தில் பெரிய வித்தியாசம் இல்லை.

இதைக் கேட்டதும் எனக்கு மேற்கொண்டு என்ன நடந்திருக்கும் என்று தெரிந்துவிட்டது. தபால் பிரிவில் இருந்தவர்களுக்குத்தான் அது புரியும். உறையைக் கிழிக்கிறவருக்கு எல்லாச் சங்கதியும் முதலில் தெரியும். எதை மேலே வைப்பது, எதை அடியில் வைப்பது, எதை இன்றைக்கே ஐயா மேசைக்கு அனுப்புவது என்று முடிவு செய்கிற கை அதுதான். கலெக்டர் ஆபீஸில் துணை ஆட்சியர் அந்தஸ்தில் இருக்கிற பெரிய அதிகாரிக்கு இன்றைக்கும் 'நேர்முக உதவியாளர் (பொது)' என்றுதான் பெயர். பெயரைப் பார்த்தால் டைரி எழுதுகிறவர் போல இருக்கும், மாவட்டத்தின் பாதி நிர்வாகம் அவர் மேசை வழியாகப் போகும்.

சீனத்திலும் அப்படியே ஆனது. கிழக்கு ஹான் காலத்தில், கி.பி. 25க்குப் பிறகு, பெரிய பட்டம் வைத்திருந்த மூன்று மூத்த அமைச்சர்கள் மரியாதைக்கு இருந்தார்கள், காரியமெல்லாம் ஷாங்ஷூ அலுவலகத்துக்குப் போய்விட்டது. அடுத்தடுத்த நூற்றாண்டுகளில் அது அரசின் தலைமைச் செயலகமாகவே மாறியது. பின்னால் வந்த சுயி, தாங் அரசுகளில் அதன் கீழ்தான் ஆறு அமைச்சகங்கள்: பணியாளர் நியமனம், குடும்பமும் வரியும், சடங்கும் தேர்வும், படை, தண்டனை, கட்டுமானம். ஒவ்வொன்றுக்கும் நான்கு பிரிவு, ஆக 24 பிரிவு. அந்தப் பிரிவுத் தலைவர்களுக்குப் பெயர் 'லாங்ஜோங்'. அரண்மனை நடைகூடத்தில் காவல் நின்றவர்களின் பெயர் அது.

அப்போது நான் ஒரு கேள்வி கேட்டேன். எழுத்தைக் கவனித்தவர்கள் செயலகம் ஆனார்கள் சரி, உடையையும் உணவையும் கவனித்தவர்கள் எங்கே போனார்கள்? "நல்லா கேட்டீங்கம்மா" என்று சொல்லி, நடத்திக்கொண்டிருந்ததை நிறுத்திவிட்டு அதற்குப் பதில் சொன்னார். அவர்கள் அரண்மனைக்குள்ளேயே இருந்துவிட்டார்கள். தாங் காலத்தில் அந்தப்புரத்தை நடத்தப் பெண் அதிகாரிகளின் ஆறு அலுவலகங்கள் இருந்தன. ஆறின் பெயரும் அதே 'ஷாங்'கில்தான் தொடங்கும். உணவுக்கு ஒன்று, உடைக்கு ஒன்று, படுக்கைக்கு ஒன்று, கைவேலைக்கு ஒன்று, சடங்குக்கு ஒன்று, எல்லாவற்றையும் மேற்பார்க்க ஒன்று. தலைமைப் பெண்களுக்கு ஐந்தாம் நிலை அந்தஸ்து. பதிவேடு வைத்தார்கள், முத்திரை வைத்தார்கள், சாவி வைத்தார்கள். ஒரே வீட்டில் பிறந்த ஆறு வேலைகளில் ஒன்று நாட்டை ஆளப் போய்விட்டது, மற்றவற்றில் சில பெண்கள் கையில் நின்றுவிட்டன. இதை நான் வீட்டுக்கு வந்து என் மருமகளிடம் சொன்னேன். அவளும் அரசு வேலையில் இருக்கிறாள். வெகுநேரம் அதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம்.

ஷாங்ஷூ வளர்ந்து வெளியே போய்விட்ட பிறகு, அரசனுக்குப் பக்கத்தில் இடம் காலியாகிவிடுகிறது. அந்த இடத்துக்கு அடுத்த ஆள் வருவார். இதுதான் நான்காவது வகுப்பு. ஹான் பேரரசர் வூ (கி.மு. 141 - 87) அந்தப்புரத்திலேயே அதிக நேரம் இருந்ததால், ஷாங்ஷூக்கள் உள்ளே வர முடியவில்லை. அலிகளாக்கப்பட்ட அரண்மனை ஊழியர்களை வைத்துக் கடிதங்களைப் பார்த்தார். 'ஜோங்ஷூ' என்ற பெயர் அங்கே முளைக்கிறது. ஆண்மை நீக்கும் தண்டனைக்குப் பிறகு சீமா சியான் வகித்த பதவி இதுதான். அவமானத்தின் அடையாளமாக அவர் சுமந்த அந்தப் பெயர், சில நூற்றாண்டுகளில் பேரரசின் ஆணைகளை எழுதுகிற மிக உயர்ந்த செயலகத்தின் பெயர் ஆனது. பேராசிரியர் இதைச் சொல்லிவிட்டுச் சற்று நேரம் பேசவில்லை. எங்களுக்கும் பேசத் தோன்றவில்லை.

மூன்றாவது செயலகம் 'மென்ஷியா', வாசலுக்குக் கீழே இருப்பவர்கள். அரசரோடு கூடவே இருந்து அவர் பொருள்களை ஏந்தியவர்கள். கன்ஃபூசியஸ் வழிவந்த அறிஞர் கோங் ஆங்குவோவுக்கு, அவர் படித்தவர் என்பதால் அரசரின் படிக்கத்தை ஏந்தும் வேலை கிடைத்தது, அதை அரசவை பெரிய கௌரவமாகக் கருதியது என்று பழைய குறிப்பு இருக்கிறது. வகுப்பில் சிலர் முகம் சுளித்தார்கள். விஜயநகர அரண்மனையில் வெற்றிலைப் பை ஏந்திய அடைப்பக்காரர்களுக்கு இருந்த செல்வாக்கைப் பேராசிரியர் நினைவுபடுத்தியதும் அடங்கினார்கள்.

தாங் காலத்தில் (618 - 907) இந்த மூன்றும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நின்றன. ஜோங்ஷூ ஆணையை வரைவு எழுதும். மென்ஷியா அதைச் சரிபார்க்கும். ஷாங்ஷூ ஆறு அமைச்சகங்கள் வழியாக நிறைவேற்றும். மென்ஷியாவில் இருந்த ஒரு அதிகாரிக்கு, சரியில்லாத ஆணையைத் திருப்பி அனுப்பும் உரிமை இருந்தது. பேரரசர் பெயரில் வந்த தாளையே 'மறு பரிசீலனைக்கு' என்று அனுப்பலாம். குறிப்பு எழுதிக் கோப்பைத் திருப்ப எவ்வளவு துணிச்சல் வேண்டும் என்பது எனக்குத் தெரியும். அந்த அதிகாரிகளின் மேல் எனக்கு ஏற்பட்ட மரியாதையை மறைக்க விரும்பவில்லை.

இந்த மூன்று செயலகங்களுக்கும் பொதுவான பின்னொட்டு 'ஷெங்'. அதன் பயணம் என்னை ஆச்சரியப்படுத்தியது. அரண்மனையின் உட்பகுதிக்கு ஹான் காலத்தில் 'ஜின்' என்று சொல்வார்கள், தடைசெய்யப்பட்ட இடம். பேரரசி ஒருவரின் தகப்பனார் பெயர் வாங் ஜின். பெரியவர் பெயரைச் சொல்லக் கூடாது என்பதால் 'ஷெங்' என்று மாற்றினார்கள். உள்ளே இருந்த அலுவலகங்களுக்கு அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. மங்கோலியர்களின் யுவான் ஆட்சியில், தலைநகரின் செயலகத்துக்கு நாட்டின் பல பகுதிகளில் கிளைகள் வைத்தார்கள். 1274இல் யுன்னானில் அப்படி ஒன்று அமைந்தது, அதை நடத்தப் போனவர் புகாராவைச் சேர்ந்த சையத் அஜல். நாளாக ஆக, கிளை ஆண்ட பகுதிக்கே ஷெங் என்று பெயர் ஆகிவிட்டது. இன்றைக்குச் சீனத்தில் மாகாணம் என்றால் ஷெங். ஜப்பானிலோ, 701ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்து அமைச்சகத்துக்கு அதே எழுத்து. அவர்களுடைய நிதி அமைச்சகம் 2001 வரை 'ஓகுராஷோ' என்ற அந்தப் பழைய பெயரையே வைத்திருந்தது.

பெயர் சொல்லக் கூடாத வழக்கம் என் சொந்தத் துறையையும் தொட்டது. வரியும் குடும்பப் பதிவும் பார்த்த அமைச்சகம் சுயி காலத்தில் 'மின்பு', மக்கள் அமைச்சகம். தாங் பேரரசர் தாய்சோங்கின் இயற்பெயர் லீ ஷிமின். 649இல் அவர் மறைந்து மகன் பட்டத்துக்கு வந்ததும், 'மின்' என்ற எழுத்தைத் தவிர்க்க 'ஹூபு', அதாவது குடும்பங்களின் அமைச்சகம் என்று மாற்றினார்கள். அந்தப் பெயர் 1906 வரை நின்றது. ஒரு மனிதரின் பெயருக்காகத் துறையிலிருந்து 'மக்கள்' போய்விட்டார்கள் என்பது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது. அதே தாய்சோங் இளவரசராக இருந்தபோது ஷாங்ஷூவின் தலைமைப் பதவி வகித்ததால், பிறகு அந்த நாற்காலியில் வேறு ஆளை உட்கார வைக்கத் தயங்கிக் காலியாகவே விட்டார்கள். துணைத் தலைவர்கள் இருவர் நடத்தினார்கள். ஆட்சியைக் கையில் எடுத்த பேரரசி வூ செத்தியான் 684இல் எல்லாப் பெயரையும் மாற்றி, ஆறு அமைச்சகங்களுக்கு வானம், பூமி, வசந்தம், கோடை, இலையுதிர், குளிர் என்று வைத்ததும், 705இல் பழையபடி திரும்பியதும் சுருக்கமாகவே வந்தன. அதற்கு அவ்வளவு போதும்.

ஐந்தாவது வகுப்பு விருந்தினர் துறை. தமிழர்களுக்கு நேரடியாகச் சம்பந்தப்பட்டது. வெளிநாட்டுத் தூதர்களை வரவேற்று, சபையில் உரக்க அறிவித்து, தங்க வைத்த அலுவலகம் 'ஹோங்லூ'. ஹான் காலத்தில் அரசு அலுவலகக் கட்டடத்துக்கு 'சி' என்று பெயர். மேற்கிலிருந்து வந்த பௌத்தத் துறவிகளை முதலில் இந்த விருந்தினர் அலுவலகத்தில் தங்க வைத்ததாகவும், பிறகு தலைநகர் லோயாங்குக்கு வெளியே அவர்களுக்குக் கட்டிய இடத்துக்கும் 'சி' என்றே பெயர் வைத்ததாகவும் மரபுக் கதை. அதிலிருந்து பௌத்த மடங்கள் எல்லாமே 'சி' ஆகிவிட்டன. சோழர் தூதுக்குழுக்கள் 1015, 1033, 1077 ஆண்டுகளில், அப்போது சீனத்தை ஆண்ட சோங் அரசவைக்குப் போனதைப் பேராசிரியர் இங்கே கொண்டுவந்தார். வணிகர்களைப் பார்த்துக்கொண்டது வேறு அலுவலகம், கப்பல் வணிகத்துக்கென்றே அமைந்தது. குவாங்ஜோ துறைமுகத்தில் 971இலும் சுவான்ஜோ துறைமுகத்தில் 1087இலும் அது தொடங்கியது. அதே சுவான்ஜோவில்தான் 1281ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு கிடைத்தது, மங்கோலியக் கானின் பர்மான்படி (ஆணைப்படி) சிவன் கோயில் எழுப்பியதைச் சொல்வது. பாண்டிய நாட்டை 'மாபார்' என்று எழுதி, குப்லாய் கான் தூதர்களை அனுப்பிய காலமும் அதுவே. கல்வெட்டின் படத்தைச் சுவரில் போட்டுக் காட்டியபோது, கடைசி வரிசையில் இருந்தவர்கள் எழுந்து முன்னால் வந்துவிட்டார்கள். தமிழ் எழுத்தை எல்லோரும் எழுத்துக் கூட்டிப் படித்தோம்.

இனி குறைகள். ஆறாவது வகுப்பில் சோங், மிங், சிங் வம்சங்கள் மூன்றையும் அடைத்துவிட்டார்கள். 1380இல் மிங் பேரரசர் ஹோங்வூ தன் முதலமைச்சர் ஹூ வெய்யோங்கைக் கொன்று, அந்தப் பதவியையே ஒழித்து, ஆறு அமைச்சகங்களையும் நேரடியாகத் தன் கீழ் கொண்டுவந்தது ஒரு முழு வகுப்புக்கு உரிய விஷயம். எல்லாத் தாளையும் ஒரே ஆள் பார்க்க முடியாது, அதனால் எழுத்துவேலைக்கு அறிஞர்களை உள்ளே வைத்தார்கள், வெறும் ஐந்தாம் நிலை அந்தஸ்தில். அந்த 'நெய்கே'தான் பிறகு அமைச்சர்களுக்கு மேலே போனது. சிங் காலத்தில் 1730ஐ ஒட்டி, யோங்ஜெங் பேரரசர் போர்க் காரியத்துக்காகத் தன் இருப்பிடத்துக்கு அருகே தாழ்வான சிறு அறைகளில் ஒரு குழுவை உட்கார வைத்தார், அதிகாரம் மறுபடி அங்கே நகர்ந்தது. நான்கு எழுத்தர்களின் கதை மறுபடி மறுபடி நடக்கிறது! அதை நிறுத்தி நிதானமாகச் சொல்லாமல் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே முடித்தது எனக்கு ஏமாற்றம்.

கையில் கொடுத்த நகல் தாள்களும் சரியில்லை. சீன எழுத்துகள் அப்பிக்கொண்டு கறுப்புக் கட்டியாக இருந்தன. 'குதிரை' எழுத்தின் நான்கு கால்கள் தெரிந்தால்தானே சீமாவை அடையாளம் காண முடியும். நாலு பக்கமாவது நல்ல அச்சில் கொடுக்கலாம். ஒரே பெயரை ஒரு தாளில் 'ஷாங்ஷூ' என்றும் இன்னொன்றில் 'சாங்சு' என்றும் எழுதியிருப்பது புதிதாக வருகிறவர்களைக் குழப்பும். மாவட்ட நீதிபதியும் அவருக்குக் கீழே இருந்த உள்ளூர் எழுத்தர்களும் இந்தச் சுற்றில் வரவே இல்லை. தலைநகரை மட்டும் பார்த்தால் அரசாங்கம் பாதிதான் தெரியும், தாலுகாவில் என்ன நடந்தது என்பதற்கு இரண்டு வகுப்பு சேர்க்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

மாடிப்படி குறுகலானது, கைப்பிடி ஒரு பக்கம் மட்டும். மூட்டுவலி உள்ளவர்கள் யோசித்துக்கொள்ளுங்கள். மேலே கழிப்பறை சுத்தமாக இருக்கிறது, குடிதண்ணீர் வைக்கிறார்கள். இடைவேளையில் சுக்கு போட்ட பருத்திப்பால் வருகிறது, அதற்குத் தனிக் காசு இல்லை. காரில் வர வேண்டாம், சந்துக்குள் நிறுத்த இடமில்லை. சிம்மக்கல் நிறுத்தத்தில் இறங்கி நடந்தால் சில நிமிடம்தான்.

குரூப் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகள் வந்தால் பாடத்திட்டத்துக்கு நேரடிப் பயன் கிடைக்காது, அதைத் தெரிந்துகொண்டே வாருங்கள். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் குரூப் இரண்டுக்குப் படிப்பவள். "அம்மா, துறைகளோட பட்டியலை மனப்பாடம் பண்ணிட்டேதான் இருந்தேன், இப்பத்தான் ஒரு துறை எதுக்கு இருக்குன்னு யோசிக்கத் தோணுது" என்றாள். ஆபீஸில் இருந்தவர்கள், ஓய்வுபெற்றவர்கள், ஆபீஸுக்கு அலைந்தவர்கள் எல்லோருக்கும் இது பிடிக்கும். அடுத்த சுற்று நாயக்கர் கால நிர்வாகம்: தளவாய், பிரதானி, ராயசம். தை பிறந்ததும் தொடங்குகிறது. கீழே நோட்டுக் கடையிலேயே பெயர் கொடுத்துப் பணம் கட்டலாம், ரசீது தருகிறார்கள். மேசை இல்லாததால் எழுத அட்டை ஒன்று கொண்டுபோங்கள்.